கட்டாயக் களப்பணி

ஏப்ரல் 9, புதன். கோயிம்ப்ரா

பேராசிரியர் கேட்ட களக்குறிப்பேடு வேறு. அதை ஆங்கிலத்தில் தனியாக எழுதிக்கொண்டிருக்கிறேன், அட்டவணையும் அளவுகளும் படங்களுமாக. இந்த நோட்டு தமிழில், எனக்கு.

வகுப்பில் பாடம் தொடங்குவது போல விவரத்தை முதலில் எழுதிவிடுகிறேன். பெயர் சண்முகவடிவு. வயது முப்பத்தெட்டு. தூத்துக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரியில் பதினான்கு வருடமாகப் புவியியல் நடத்துகிறேன். கடற்கரை மேலாண்மை படிக்க ஓராண்டு உதவித்தொகை கிடைத்து, போன செப்டம்பரில் போர்ச்சுகல் வந்தேன். கணவர் கோமதிநாயகம் மருந்துக்கடை வைத்திருக்கிறார். மகள் தாரணி ஏழாம் வகுப்பு. வருகிற ஜூனில் பன்னிரண்டு முடிகிறது.

நாளையிலிருந்து ஈஸ்டர் விடுமுறை. வகுப்பில் பாதிப் பேர் ஊருக்குப் போகிறார்கள். நானும் வருவேனா என்று அவர் கேட்டார். "இல்லீங்க, கட்டாயக் களப்பணி இருக்கு. நாலு கடற்கரை நகரத்தையாவது நேர்ல பாத்து ஒப்பிட்டு எழுதணும். போகலைன்னா மார்க் இல்ல" என்றேன்.

"அப்பச் சரி வடிவு. போனதே படிக்கத்தான" என்றார். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பேராசிரியர் ஒப்பீட்டுக் கட்டுரை கேட்டிருப்பது உண்மைதான்.

லூசியாவும் வருகிறாள். பக்கத்து அறைக்காரி, பிரேசிலில் ரெசிஃபே என்ற கடற்கரை ஊர். என்னைவிட ஏழு வயது மூத்தவள், விவாகரத்து ஆனவள். இரண்டு வளர்ந்த பையன்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி வாரம் ஒருமுறைதான் பேசுவாள். என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதில் பிரஷர் குக்கர் இருக்கிறதா?" என்று கேட்டாள். இருந்தது. எடுத்து வெளியே வைத்தேன்.

ஏப்ரல் 10, வியாழன். அவெய்ரோ

காலை ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டோம். உப்பளம் பார்த்தோம். இங்கே உப்பு விளைவது கோடையில்தான். இப்போது பாத்திகளில் வெறும் தண்ணீர் நிற்கிறது. போன வருடத்து உப்பு ஓர் ஆள் உயரத்துக்குக் குவித்து வைத்திருக்கிறார்கள், சுற்றுலாக்காரர்கள் படம் எடுப்பதற்காக. பக்கத்துக் கடையில் சின்னத் துணிப்பையில் அதே உப்பு, ரிப்பன் கட்டி.

ஒப்பீடு: தூத்துக்குடியில் கண்ணுக்கு எட்டும் வரை உப்பளம். தார்ப்பாய் போட்ட அம்பாரங்கள். ரிப்பன் கிடையாது.

"உங்கள் ஊரில் உப்பளத்தில் யார் வேலை செய்கிறார்கள்? எத்தனை மணிக்குத் தொடங்குவார்கள்? காலுக்கு என்ன போடுவார்கள்?" என்று லூசியா அடுக்கினாள். பெண்கள்தான் அதிகம் என்றேன். விடிவதற்கு முன்பே போவார்கள் என்றேன். காலுக்கு என்ன போடுவார்கள் என்று தெரியவில்லை. பதினான்கு வருடம் கல்லூரிப் பேருந்து அந்த உப்பளங்களைத் தாண்டித்தான் போயிருக்கிறது. சன்னல் பக்கத்து இருக்கைதான் எனக்கு. ஒருநாள்கூட இறங்கியதில்லை. அதைப் பற்றித் தேர்வுக்கு ஐந்து மதிப்பெண் கேள்வி மட்டும் வருடாவருடம் எடுத்திருக்கிறேன்.

அவளிடம் "பூட்ஸ்" என்று சொல்லிவைத்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி. போர்ட்டோ

ஆறு கடலில் சேரும் முனையில் ஒரு சின்னக் கலங்கரை விளக்கம். அலை அதன் மேலேயே ஏறி அடிக்கிறது. நம் ஊர்க் கடல் குளம் மாதிரி. இலங்கை ஒரு பக்கம், தீவுகள் ஒரு பக்கம் என்று காவல் இருக்கிறது. இந்தக் கடலுக்கு அமெரிக்கா வரை யாரும் குறுக்கே நிற்கவில்லை.

மதியம் முழுக்க நடந்தோம். கல் வீடுகள், நீல ஓடு பதித்த சுவர்கள், செங்குத்தான தெருக்கள். ஒரு மேட்டில் மூச்சு வாங்க நின்றபோதுதான் தோன்றியது. இன்று ராத்திரிக்கு என்ன என்று காலையிலிருந்து யாரும் என்னிடம் கேட்கவில்லை. பசித்தபோது ஒரு பேக்கரியில் ரொட்டி வாங்கி, நின்றுகொண்டே தின்றேன். கல்யாணமான பதினாறு வருடத்தில் எனக்கு மட்டும் என்று இப்படி நின்று தின்றது நினைவில் இல்லை.

அவர் கூப்பிட்டார். "களப்பணில நிக்கேன், முடிச்சிட்டு பேசுதேன்" என்றேன். கையில் மிச்ச ரொட்டி இருந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு. நசரே

நகரம் என்று சொல்ல முடியாது, மீன்பிடி ஊர். ஆனாலும் ஒப்பீட்டுக்கு இதுதான் நன்றாக வரும். கடற்கரை மணலில் வரிசையாக வலைத்தட்டுகள் போட்டு மீனைப் பிளந்து காயவைத்திருக்கிறார்கள். சரியான கருவாட்டு வாசனை. வயதான பெண்கள், ஒன்றின் மேல் ஒன்றாகப் பல பாவாடை கட்டி, தட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விற்கிறார்கள். லூசியா மூக்கைப் பிடித்துக்கொண்டாள். நான் இரண்டு துண்டு வாங்கிக் கைப்பையில் வைத்தேன்.

அப்போது தாரணி கூப்பிட்டாள். யோசிக்காமல் எடுத்துவிட்டேன்.

"அம்மா, எங்க இருக்க?"

"பஸ் ஸ்டாண்டுல இருக்கேன்டா. லைப்ரரிக்குப் போறேன்."

"ஞாயித்துக்கெழமையா?"

"பரீட்சை சமயம்லா, தொறந்திருக்கும்."

எனக்குப் பின்னால் அலை விழுந்துகொண்டிருந்தது.

"என்னம்மா சத்தம் அது?"

"பஸ்ஸு."

"பஸ்ஸா?" என்றாள். பிறகு, "அம்மா, ரெண்டு நாளா வயிறு வலிக்கி. இடுப்புகூட" என்றாள்.

"வெளிய என்னத்த வாங்கித் தின்ன? அப்பாட்டச் சொல்லி மாத்திர வாங்கிப் போடு. சயின்ஸ் படிச்சியா?"

"படிக்கேன்" என்று வைத்துவிட்டாள்.

இவளுக்குப் பரீட்சை வந்தால் வயிறு வலி வருவது மூன்றாம் வகுப்பிலிருந்தே வழக்கம்.

ஏப்ரல் 14, திங்கள். ஸ்பெயினில் செவில்லா போகும் பேருந்தில்

இன்று சித்திரை ஒன்று என்பது எனக்கு நினைவே இல்லை. கனி பார்க்கத் தட்டில் பழங்களும் கண்ணாடியும் வைத்து அவர் படம் அனுப்பியிருந்தார். மாம்பழம் ஒன்று அழுகல். நான் இருந்தால் திருப்பி வைத்திருப்பேன். கண்ணாடியில் அவர் சட்டையின் ஓரம் தெரிகிறது.

ஏப்ரல் 15, செவ்வாய். காதிஸ்

இதுவரை பார்த்ததில் இதுதான் அழகு. மூன்று பக்கமும் கடல். எந்தத் தெருவில் நடந்தாலும் அதன் முடிவில் தண்ணீர் தெரிகிறது. கப்பல் வருவதைப் பார்க்க வணிகர்கள் கட்டிய கோபுரங்கள் வீட்டுக்கு வீடு நிற்கின்றன. தேவாலயத்துக்கு மஞ்சள் ஓட்டுக் குவிமாடம். புனித வாரம் என்பதால் தெருவெங்கும் நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள், ஊர்வலம் பார்ப்பதற்கு.

மதியம் இரண்டு கோட்டைகளுக்கு நடுவில் இருக்கும் சின்னக் கடற்கரைக்குப் போனோம். நான் தூத்துக்குடிக்காரி. பிறந்தது, படித்தது, கல்யாணம் ஆனது எல்லாம் கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள். ஆனால் கணுக்காலுக்கு மேல் கடல் என்மேல் பட்டதில்லை. சின்ன வயதில் அப்பா விடமாட்டார், பிறகு சேலை. "பாடம் நடத்துகிறாய், இறங்கியதில்லையா?" என்று லூசியா சிரித்தாள். உப்பளம் நினைவுக்கு வந்தது. ரோஷமாக இருந்தது. அரைக்கால் பேன்ட்டும் டிஷர்ட்டுமாக இறங்கினேன்.

போவதற்கு முன் கைப்பேசி இரண்டு முறை அடித்தது. தாரணி. நசரேயில் போல சத்தம் கேட்டுவிடும் என்று அணைத்துப் பைக்குள் போட்டேன். சாயந்தரம் பேசிக்கொள்ளலாம்.

தண்ணீர் அப்படியொரு குளிர். முழங்கால், இடுப்பு, கழுத்து. லூசியா கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு அலை தலைக்கு மேல் போனது. மூக்கிலும் வாயிலும் உப்பு. நான் கத்திய கத்தலில் கரையிலிருந்த ஒரு கிழவர் கை தட்டினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தோம். வெளியே வந்து மணலில் அப்படியே படுத்தேன். கைப்பேசியைத் திறக்க மனம் வரவில்லை. திறக்கவும் இல்லை.

அதே நாள், மாலை

தாரணி பெரியவளாகிவிட்டாள்.

ஏப்ரல் 16, புதன். காதிஸ்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

விடுதிக்கு வந்து ஆறு மணிக்குக் கைப்பேசியைத் திறந்தேன். தாரணியிடமிருந்து ஒன்பது அழைப்புகள். கடைசி அழைப்பு இங்கே ஸ்பெயின் நேரம் ஒன்றே முக்காலுக்கு, ஊரில் ஐந்தேகால். பிறகு அவரிடமிருந்து நான்கு. கடைசியாக அவர் அனுப்பிய செய்தி: "பயப்பட ஒண்ணுமில்லை. நேரம் கிடைக்கையில் கூப்பிடு."

கூப்பிட்டேன்.

"எங்க போயிட்ட வடிவு?" கோபம் இல்லை, களைப்பு.

"லைப்ரரில இருந்தேன். போன உள்ள விட மாட்டாங்க. என்னாச்சு?"

சொன்னார். சயின்ஸ் பரீட்சை எழுதிவிட்டு வந்திருக்கிறாள். பாவாடையில் பட்டிருந்ததைப் பள்ளி வேனில் யாரோ சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். வீட்டில் யாரும் இல்லை, அவர் கடையில். எனக்கு அடித்துப் பார்த்திருக்கிறாள். நான் எடுக்காமல் போகவும் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அவர் வந்தது ஏழு மணிக்கு.

"தட்டுதேன், தெறக்க மாட்டேங்கா. அழுவுற சத்தம் மட்டும் கேக்கு. என்னட்டி, யாராச்சும் எதுவும் பண்ணுனாங்களான்னு கேக்கேன், அதுக்கும் பேச்சில்ல. பெறகு எதுத்த வீட்டு ஜெபா டீச்சரப் போயிக் கூட்டியாந்தேன். அவங்கதான் கதவுட்ட நின்னு மெதுவாப் பேசித் தெறக்க வச்சாங்க."

ஜெபா டீச்சர் எதிர்வீட்டில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவரோடு ஒரு வருடத்தில் நான் பத்து வார்த்தை பேசியிருப்பேனா தெரியாது. தண்ணீர்த் தொட்டி விஷயமாக ஒருமுறை சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

"நான் கடைக்கு ஓடிப்போயி இருக்குற அம்புட்டுலயும் ஒவ்வொரு பாக்கெட்டு எடுத்துட்டு வந்தேன். இருவது வருசமா விக்கேன், எது சின்னப் பிள்ளைக்குன்னு தெரியல பாரு" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

இரண்டு மணி நேரம் அவள் உள்ளே இருந்திருக்கிறாள். அவளிடம் இதைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லி வைத்ததில்லை. இங்கே வருவதற்கு முன் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று நினைத்திருந்தேன். பன்னிரண்டு முடியட்டும் என்று விட்டேன். வயிறு வலிக்கிறது, இடுப்பு வலிக்கிறது என்று அவள் சொன்ன அன்று நான் கேட்டது சயின்ஸ் படித்தாயா என்று.

அவளிடம் கொடுக்கச் சொன்னேன்.

"தாரணி."

"ம்."

"பயந்துட்டியா?"

"இப்ப இல்ல."

"அம்மா லைப்ரரில இருந்தேன்டா."

"அப்பா சொன்னாங்க" என்றாள். "உளுந்தங்களி ஆறிரும். வைக்கட்டா?"

அவர் மறுபடி வாங்கினார். அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஊர்வலம் வந்தது. முரசும் எக்காளமும் சன்னலுக்குக் கீழேயே. "என்ன மேளம்?" என்றார். இங்கே திருவிழா என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "ஒரு வாரம் சொல்லிட்டு வர முடியுமா வடிவு? டிக்கெட் நான் போட்டுத் தாரேன். தலைக்குத் தண்ணி ஊத்தணும். பெருசா ஒண்ணும் வேண்டாம், நீ மட்டும் இருந்தாப் போதும். அவ கேக்க மாட்டா. ஆனா நீ வந்தா நல்லாருக்கும்."

ஊர்வலத்தின் இரைச்சலில் குரலை உயர்த்திச் சொன்னேன். "களப்பணி நடுவுல விட மாட்டாங்கங்க. போனா வருசமே போயிரும்."

"அப்பச் சரி" என்றார்.

சொல்லும்போது என் தலைமுடியில் கடலுப்பு காய்ந்து ஒட்டியிருந்தது.

ஏப்ரல் 17, வியாழன். மாட்ரிட் வழியாக, வலென்சியா போகும் ரயிலில்

லூசியாவிடம் சொன்னேன், களப்பணிப் பொய்யை விட்டுவிட்டு மற்றதை. "அப்படியானால் திரும்பிவிடலாம். விமானம் பார்க்கட்டுமா? வலென்சியா எங்கேயும் ஓடிப்போகாது" என்றாள். வேண்டாம், வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது, அவர்களே என்னைத் தொடரச் சொன்னார்கள் என்றேன்.

அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏப்ரல் 19, சனி. வலென்சியா

இது கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் நகரம். ஊருக்குள் ஓடிய ஆற்றை ஒரு பெருவெள்ளத்துக்குப் பிறகு வேறு பக்கம் திருப்பிவிட்டு, பழைய படுகையைப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். பாலங்களுக்கு அடியில் மரங்களும் சைக்கிள்களும். கடலைப் பார்க்க டிராமில் போக வேண்டும். ஓடு பதித்த மீனவர் வீடுகள், அகலமான மணல், அமைதியான கடல். காதிஸ் 9, போர்ட்டோ 8, வலென்சியா 7 என்று ஆங்கிலக் குறிப்பேட்டில் மதிப்பெண் போட்டேன். எதற்கு என்று தெரியவில்லை. கை தன் பாட்டுக்குப் போட்டது.

மணலில் உட்கார்ந்திருந்தபோது தாரணியிடமிருந்து ஒரு படம் வந்தது.

படத்தில் நான். காதிஸ் கடலிலிருந்து வெளியே வருகிறேன். உடை உடம்போடு ஒட்டியிருக்கிறது, முடி முகத்தில் கிடக்கிறது, வாய் முழுக்கச் சிரிப்பு. லூசியா எடுத்துத் தன் இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது. லூசியாவை நான்தான் ஒருநாள் வீடியோவில் தாரணிக்குக் காட்டினேன். அவள் தன் அப்பாவின் பழைய கைப்பேசியிலிருந்து லூசியாவைப் பின்தொடர்ந்திருக்கிறாள். கீழே தேதியும் நேரமும் இருந்தன. ஊரில் நான்கு ஐம்பது, இங்கே ஒன்று இருபது. அவள் எனக்கு அடித்துக்கொண்டிருந்த நேரம்.

படத்துக்குக் கீழே அவள் எழுதியிருந்தது:

"இத அப்பாட்ட காட்டல. அம்மா போன லைப்ரரில வாங்கி வச்சிருவாங்க, அன்னைக்கே எனக்குத் தெரியும்னு சொல்லிட்டேன். நீயும் அதே சொல்லு."

மூன்று முறை படித்தேன். ஏன் பொய் சொன்னாய் என்று அவள் கேட்கவில்லை. என் பொய்யைத் தானும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தருகிறாள். பதினொரு வயதுப் பிள்ளை.

லூசியா ஐஸ்கிரீம் வாங்கி வந்து நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். கையில் உருகி வழிந்தது.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய். கோயிம்ப்ரா

இந்த நோட்டிலும் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். முதல் பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். "பேராசிரியர் ஒப்பீட்டுக் கட்டுரை கேட்டிருப்பது உண்மைதான்" என்று எழுதியிருக்கிறேன். எனக்கு மட்டும் எழுதுவதில் எதற்கு அப்படி நெளிந்தேன்?

அவர் கேட்டது இரண்டு நகரங்கள். போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்றுகூட இல்லை. வகுப்பு முடிந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்களுக்கு எளிது. விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்கள் அல்லவா, உங்கள் ஊரையே ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி இங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது" என்றார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, அன்று மாலையே லூசியாவோடு உட்கார்ந்து ரயில் பார்த்தேன்.

வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் கெட்டவர் என்றால் சொல்லிவிடலாம். என்னை வேலைக்குப் போகவிட்டார், படிக்க அனுப்பினார், பெண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு சமைக்கக் கற்றுக்கொண்டார். அப்படிப்பட்ட ஒருவரின் வீட்டுக்கு இரண்டு வாரம்கூடப் போக வேண்டாம் என்று தோன்றியது. ஏன் என்று கேட்டால் என்னிடம் காரணம் இல்லை. அங்கே போனால் மறுபடி அந்தச் சண்முகவடிவு ஆகிவிடுவேன் என்று பயமாக இருந்தது. அவ்வளவுதான்.

மதியம் கடைக்கு அடித்தேன். ஊரில் ஐந்து மணி, கூட்டம் குறைந்திருக்கும் நேரம்.

"ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"சொல்லு."

சொன்னேன். களப்பணி கட்டாயம் இல்லை. லைப்ரரி இல்லை. அன்று நான் கடலில் குளித்துக்கொண்டிருந்தேன். போனை நான்தான் அணைத்தேன்.

கடையில் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. யாரோ "இருமல் மருந்து" என்று கேட்டார்கள். அவர் எடுத்துக் கொடுத்து, எத்தனை வேளை என்று சொல்லி, மீதிச் சில்லறை கொடுத்து அனுப்பினார். பொறுத்துக்கொண்டு நின்றேன்.

"நான் ஊருக்கு வான்னு வற்புறுத்தல" என்றார் பிறகு. "வர இஷ்டமில்லன்னு சொல்லியிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா இல்லியா?"

"சொல்லியிருப்பீங்க."

"பெறகு எதுக்கு?"

"நான் இப்பவே கெளம்பி வாரேன். வெள்ளிக்கெழமைக்குள்ள வந்துருவேன்" என்றேன்.

"வேண்டாம்."

"தண்ணி ஊத்தணும்லா..."

"இப்ப வந்தா, வர முடியாதுன்னாங்களே எப்படி வந்தாங்கன்னு எங்கக்கா கேப்பா, ஜெபா டீச்சர் கேப்பாங்க. நான் அவங்கட்ட என்ன சொல்லட்டும்? உனக்காக நானும் பொய் சொல்லணுமா?" குரல் உயரவே இல்லை. "படிப்ப முடிச்சிட்டு வா. ஆளு வந்திருக்கு, வைக்கேன்."

தாரணி ஏற்கெனவே எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அது அவளுடையது.

ஏப்ரல் 23, புதன்

அறையைக் கூட்டினேன். துணி துவைத்தேன். பையின் அடியில் காதிஸ் மணல் ஒரு பிடி இருந்தது. குப்பையில் கொட்டினேன். அவர் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

இங்கே அரசு விடுமுறை, பழைய சர்வாதிகாரம் கவிழ்ந்த நாள். ஆளுக்கொரு சிவப்புப் பூவோடு தெருவில் நடக்கிறார்கள்.

ஊரில் காலை பத்து மணிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். போர்ச்சுகல் நேரம் ஐந்தரை. நான்கு மணிக்கே எழுந்து குளித்து, பட்டுச்சேலை இல்லாததால் இருந்த ஒரே பருத்திச் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வீடியோவில் கூப்பிட்டார். "பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைப்பேசியை அலமாரியில் சாய்த்து வைத்தார்.

பாதிக் கூடம் தெரிந்தது. மணையில் தாரணியின் முதுகு. அவருடைய அக்கா தண்ணீர் ஊற்றினார். என் அண்ணன் மனைவி ஊற்றினாள். பிறகு ஜெபா டீச்சர். அவர் கிறிஸ்தவர், கணவரை இழந்தவர். சடங்கில் அவரைச் சேர்ப்பார்களா என்று என் அண்ணி தயங்கியது தெரிந்தது. "டீச்சர் ஊத்தட்டும்" என்று தாரணியின் அப்பா சொன்னார். டீச்சர் சொம்பை வாங்கி, பிள்ளையின் கண்ணில் தண்ணீர் போகாமல் நெற்றியில் கையை வைத்து மறைத்துக்கொண்டு ஊற்றினார்.

அப்படி மறைக்க எனக்குத் தோன்றியிருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யாரோ அலமாரியில் இடித்தார்கள். பிறகு உத்தரம் மட்டும்தான் தெரிந்தது. யாரும் வந்து சரிசெய்யவில்லை. பேச்சும் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருந்தன. முக்கால் மணி நேரம் அந்த உத்தரத்தைப் பார்த்தேன்.

மதியம் தாரணியே கூப்பிட்டாள். மொட்டைமாடியில் இருந்தாள்.

"அப்பாட்ட ஏன் சொன்ன?"

"சொல்லணும்ல தாரணி. நீ எனக்காகப் பொய் சொல்லக் கூடாது."

"நான் பாத்துக்கிட்டேன்ல? நல்லாத்தான இருந்தாங்க. இப்ப ராத்திரி சாப்பிட மாட்டேங்காங்க. கடைய அடைச்சிட்டு வந்து சும்மா உக்காந்திருக்காங்க. நீ அங்க இருந்துக்கிட்டு சொல்லிட்ட. நான்தான இங்க இருக்கேன்?"

சொல்லிவிட்டதும் என் நெஞ்சில் பாரம் குறைந்தது உண்மை. அது எங்கே இறங்கியது என்று நான் பார்க்கவில்லை.

"மன்னிச்சிரு" என்றேன்.

"ம்." கொடியில் கிடந்த துணியை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள் போலிருந்தது. பிறகு சொன்னாள்: "அந்தப் போட்டோல ரொம்பச் சிரிச்சிருந்த."

"ஆமா."

"ஜூலைல நெசமாவே வருவியா?"

"வருவேன்" என்றேன். உடனே சொல்லவில்லை. ஒரு மூச்சு விடும் நேரம், அதற்கு மேல் இருக்காது. ஆனால் அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றாள், அவள் அப்பாவைப் போலவே.

ஜூன் 20, வெள்ளி

கட்டுரை கொடுத்தாகிவிட்டது. நல்ல மதிப்பெண். அவர் வாரம் இருமுறை பேசுகிறார். கரண்ட் பில், பள்ளிக்கூடக் கட்டணம், என் விமான நேரம். லூசியா அந்தப் படத்தை எப்போதோ நீக்கிவிட்டாள். நான் கேட்கவில்லை. அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

ஜூலை 17, வியாழன். தூத்துக்குடி

வந்து ஐந்து நாள் ஆகிறது. விமான நிலையத்துக்கு இரண்டு பேருமே வந்திருந்தார்கள். அவர் பையை வாங்கிக்கொண்டார். தாரணி என் உயரத்துக்கு வந்துவிட்டாள். கட்டிப்பிடித்தேன், நின்றாள்.

வீட்டில் எல்லாம் இடம் மாறியிருக்கிறது. சீரக டப்பா எது, மிளகு டப்பா எது என்று அவரைக் கேட்டுக் கேட்டுச் சமைக்கிறேன். அவர் பொறுமையாகச் சொல்கிறார். ராத்திரி கூடத்தில் படுத்துக்கொள்கிறார், காற்று வருகிறது என்று. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை.

இன்று காலை பள்ளிக்குக் கிளம்பும் நேரம். அவர் கடை திறக்கப் போய்விட்டார். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். குளியலறையிலிருந்து தாரணி கூப்பிட்டாள்.

"அம்மா!"

குரலிலேயே தெரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். மூன்று மாதமாக இந்த ஒரு குரலுக்குத்தான் காத்திருந்தேன் என்று ஓடும்போதுதான் தெரிந்தது. என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் எல்லாம் மனப்பாடமாக இருந்தது.

"என்னடா? அம்மா இங்கதான் இருக்கேன். கதவத் தெற."

தாழ் அசையவில்லை.

"வலிக்கா? எல்லாத்துலயும் பட்டுருச்சா? பரவால்ல, நான் பாத்துக்கிடுதேன். தெறடா."

உள்ளே குழாயை அடைத்தாள்.

"அம்மா," என்றாள். கோபமில்லை, கூச்சம்தான். "ஜெபா டீச்சர வரச் சொல்றியா?"

கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் தெருவைத் தாண்டிப் போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். டீச்சர் பல் தேய்த்துக்கொண்டே வந்து திறந்தார்.

"என்னம்மா, காலையிலயே?"

"தாரணிக்கு..." என்று தொடங்கினேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. வாயைக் கொப்பளித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கதான் வந்துட்டீங்கள்ல?" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

"உங்களத்தான் கேக்கா டீச்சர்" என்றேன். "கொஞ்சம் வாங்க."